ஆள ஒதுக்கினாங்க, பேச்ச எடுத்துக்கிட்டாங்க: பிரான்ஸ்ல லு பென் கட்சியோட கதை

பிரான்ஸ்ல பெரும்பாலான ஊர்ல ஓட்டு போட மெஷின் எல்லாம் கிடையாது. உள்ள நுழைஞ்சதும் ஒரு நீள மேசை, அதுல ஒவ்வொரு வேட்பாளர் பேர்லயும் தனித்தனியா காகித சீட்டு அடுக்கி வெச்சிருப்பாங்க. ஒரு கவர் எடுத்துக்கணும், கொஞ்சம் சீட்டு எடுத்துக்கணும், திரை போட்ட மறைப்புக்குள்ள போய் வேண்டிய சீட்ட கவர்ல வெச்சு, வேண்டாதத கசக்கி கூடைல போட்டுட்டு வெளிய வந்து கண்ணாடி பெட்டில கவர போடணும். "ஓட்டு போட்டாச்சு"ன்னு ஒருத்தர் சத்தமா சொல்வாரு. இதுல ஒரு சின்ன விஷயம் இருக்கு, மேசைல இருந்து ஒரே ஒரு சீட்ட மட்டும் எடுக்க கூடாது, கொறஞ்சது ரெண்டாவது எடுக்கணும், இல்லன்னா நீங்க யாருக்கு போடறீங்கன்னு க்யூல நிக்கிற மொத்த ஊருக்கும் தெரிஞ்சுடும்.

ரொம்ப வருஷம் இந்த ரெண்டாவது சீட்டு யாருக்கு அதிகமா தேவப்பட்டுச்சுன்னு கேட்டா, லு பென் குடும்பத்தோட தீவிர வலதுசாரி கட்சிக்கு போடறவங்களுக்குதான். கருத்துக்கணிப்பு எடுக்கறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். "யாருக்கு போடுவீங்க"ன்னு கேட்டா அந்த கட்சி பேர சொல்றவங்க கொஞ்சம்தான் இருப்பாங்க, பெட்டிய தொறந்தா நெறைய இருக்கும், அதனால வந்த நம்பர மேல தூக்கி திருத்திதான் வெளியிடுவாங்க. இப்ப அந்த திருத்தத்துக்கு கிட்டத்தட்ட வேலையே இல்ல. ஜனங்க கூச்சப்படாம சொல்றாங்க. இந்த கூச்சம் எப்படி வந்துச்சு, எப்படி போச்சு, அதுல அரசியல்வாதிங்க வாய்க்கு எவ்ளோ பங்கு, இதுதான் இந்த நிகழ்வு ஆய்வு.

ஒரு வார்த்தை பஞ்சாயத்த முதல்லயே முடிச்சுடலாம். இந்த மாதிரி கட்சிங்கள மத்தவங்க ஒதுக்கி வெக்கறத தமிழ்ல சிலர் "அரசியல் தீண்டாமை"ன்னு எழுதறாங்க. எனக்கு அது சுத்தமா பிடிக்கல. தீண்டாமைங்கறது பொறப்ப வெச்சு ஒருத்தன் மேல ஏத்தற கொடுமை, இங்க நடக்கறது ஒரு கட்சி பேசினதுக்கும் செஞ்சதுக்கும் கெடச்ச கெட்ட பேரு. ரெண்டும் ஒண்ணு இல்ல. பிரெஞ்சுக்காரங்க இதுக்கு பேய சம்பந்தப்படுத்தி ஒரு வார்த்தை வெச்சிருக்காங்க, எதிராளி மேல பேய் பட்டம் கட்டறதுக்கு தியாபோலிசாஸியோன், அத கழட்டறதுக்கு தெதியாபோலிசாஸியோன், அதாவது பேயோட்டறது. நான் பேய் பட்டம்னே எழுதறேன்.

பட்டம் சும்மா வரல

1972 அக்டோபர்ல இந்த கட்சி நேஷனல் ஃப்ரன்ட்ங்கற பேர்ல ஆரம்பிச்சப்ப அதோட நிறுவனர்கள்ல ஒருத்தரு பியர் பூஸ்கே, ரெண்டாம் உலகப்போர்ல ஹிட்லரோட வாஃபன் எஸ்எஸ் படைல இருந்தவர். தலைவர் ழான்-மரி லு பென். 1974 ஜனாதிபதி தேர்தல்ல அவருக்கு கெடச்சது 0.75 சதவீதம். 1981ல நிக்கவே முடியல, ஏன்னா ஜனாதிபதி தேர்தல்ல நிக்கணும்னா மேயர், கவுன்சிலர் மாதிரி தேர்ந்தெடுக்கப்பட்ட 500 பேர் கையெழுத்து வேணும், அது அவருக்கு தேறல.

இந்த 500 கையெழுத்து விஷயத்துல கொஞ்சம் நிக்கணும், ஏன்னா கெட்ட பேருங்கறது காத்துல மிதக்கற ஃபீலிங் இல்ல, அது சட்டத்துக்குள்ளயும் காகிதத்துக்குள்ளயும் போய் உக்காந்து வேலை செய்யும்னு காட்ட இத விட நல்ல உதாரணம் கெடைக்காது. பிரான்ஸ்ல கிட்டத்தட்ட 35,000 கிராமம், ஊருக்கு மேயர் இருக்காங்க, பாதிக்கு மேல ரொம்ப சின்ன ஊரு. யார் யாருக்கு கையெழுத்து போட்டாங்கன்னு பேர் வெளிய வரும். ஒரு சின்ன ஊரு மேயர் லு பென்னுக்கு கையெழுத்து போட்டார்னு வெச்சுக்கங்க, அடுத்த நாள் பக்கத்து ஊரு மேயர் மூஞ்சிய திருப்புவார், நம்ம ஊருக்கு ரோடு போட காசு குடுக்கற மேல் மட்ட கவுன்சில்ல கேள்வி வரும், ஸ்கூல் வாசல்ல யாராவது ஏதாவது சொல்வாங்க. அதனால மனசுல ஆதரவு இருந்தாலும் பேனா எடுக்க மாட்டாங்க. மகள் மரீன் லு பென் 2012ல இதுக்காகவே அரசியலமைப்பு கவுன்சில் வரைக்கும் போனாங்க, பேர ரகசியமா வெக்கணும்னு கேட்டாங்க, கவுன்சில் முடியாதுன்னுட்டுச்சு. கடன்லயும் இதே கதை, உள்ளூர் பேங்க் குடுக்கலன்னு 2014ல ஒரு ரஷ்ய பேங்க்ல 9 மில்லியன் யூரோ வாங்கினாங்க, 2022 தேர்தலுக்கு ஹங்கேரி பேங்க். ரஷ்ய கடன் பின்னாடி அவங்களுக்கு வேற ஒரு கெட்ட பேர குடுத்துச்சு, அதாவது ஒரு களங்கத்துக்கு குடுத்த வட்டி இன்னொரு களங்கம்.

முதல் கதவ யார் தொறந்தாங்க

1983 செப்டம்பர், ட்ரூ. பாரிஸ்க்கு மேற்கே இருக்கற ஒரு சின்ன தொழிற்சாலை ஊரு. நகராட்சி தேர்தல் திரும்ப நடக்குது, பிரான்ஸ்ல நெறைய தேர்தல் ரெண்டு சுத்தாதான் நடக்கும், முதல் சுத்துல நேஷனல் ஃப்ரன்ட் பட்டியல் 16.7 சதவீதம் வாங்குது. ரெண்டாவது சுத்துக்கு உள்ளூர் வலதுசாரி கட்சிங்க அந்த பட்டியல தங்களோட சேத்துக்கிட்டு ஜெயிச்சாங்க. பாரிஸ்ல இருந்த பெரிய தலைவர்கள்ல ஒரு சிலர்தான் முகம் சுளிச்சாங்க, மத்தவங்க சொன்ன பதில் என்னன்னா, நீங்க இடதுசாரிங்க மந்திரிசபைல நாலு கம்யூனிஸ்ட்ட வெச்சிருக்கீங்க, நீங்க எங்களுக்கு பாடம் எடுக்கறீங்களான்னு. இந்த பதில குறிச்சு வெச்சுக்கங்க. 2024 வரைக்கும் இதே பதில் வேற வேற சட்டை போட்டுக்கிட்டு வரும்.

அடுத்து டிவி. டிவில எங்களுக்கு எடமே குடுக்கறதில்லன்னு லு பென் 1982ல சோஷலிஸ்ட் ஜனாதிபதி மித்தேரானுக்கே லெட்டர் போட்டார், மித்தேரான் அத கவனிக்க சொல்லி பதில் போட்டார். வலதுசாரி ஓட்ட பிரிக்கத்தான் செஞ்சார்னு இன்னிக்கு வரைக்கும் பேசுவாங்க, அந்த ஆளு மனசுல என்ன இருந்துச்சுன்னு யாரால சொல்ல முடியும். 1984 பிப்ரவரி 13, நாட்டோட பெரிய அரசியல் பேட்டி நிகழ்ச்சில லு பென் வந்து உக்காந்தார். பேட்டிக்கு நடுவுல சட்டுனு எழுந்து நின்னு கம்யூனிஸ்ட் ஆட்சிங்கள்ல செத்தவங்களுக்காக மவுன அஞ்சலின்னுட்டார், கேள்வி கேக்க வந்தவங்களுக்கு என்ன பண்றதுன்னே தெரியல. அந்த ஜூன்ல ஐரோப்பிய தேர்தல்ல கிட்டத்தட்ட 11 சதவீதம், 10 சீட்டு.

அதே வருஷம் செப்டம்பர்ல புது பிரதமர் லொரான் ஃபாபியுஸ், சோஷலிஸ்ட், அதே நிகழ்ச்சில ஒரு வாக்கியம் சொன்னார், தீவிர வலது கேக்கற கேள்வி உண்மையான கேள்வி, குடுக்கற பதில்தான் பொய்ன்னு. கேக்க புத்திசாலித்தனமா இருக்கு. ஆனா யோசிச்சு பாருங்க, "குடியேறி வந்தவங்கதான் பிரச்சனை"ங்கறத கேள்வின்னு ஒத்துக்கிட்டா மிச்சம் என்ன இருக்கு, பதில யார் நல்லா சொல்றாங்கங்கற போட்டி மட்டும்தான். என் கணக்குல பேய் பட்டத்துல முதல் கீறல் விழுந்தது ட்ரூவுல இல்ல, இந்த வாக்கியத்துலதான்.

தானே தலைல மண்ண வாரி போட்டுக்கிட்ட காலம்

1986ல தேர்தல் முறைய விகிதாச்சாரத்துக்கு மாத்தினதால நேஷனல் ஃப்ரன்ட்டுக்கு 35 எம்பி. இனி சாதாரண கட்சி ஆகிடுமோன்னு இருந்த நேரத்துல, 1987 செப்டம்பர்ல ரேடியோ பேட்டில லு பென் நாஜி விஷவாயு அறைங்கள ரெண்டாம் உலகப்போர் வரலாத்துல ஒரு சின்ன விவரம்னு சொன்னார். கோர்ட்ல தண்டனை ஆச்சு. அடுத்த வருஷம் துராஃபூர்ங்கற மந்திரி பேர பொணம் எரிக்கற உலையோட சேத்து வார்த்தை விளையாட்டு வேற. இதுக்கு அப்பறம்தான் பெரிய வலதுசாரி தலைவர் ஷிராக்கோட கட்சி தேசிய அளவுல கூட்டு கெடையாதுங்கற கோட்ட கறாரா இழுத்துச்சு. அதுக்கு சில மாசம் முன்னாடி கூட, 1988 மே மாசம், உள்துறை மந்திரி ஷார்ல் பாஸ்குவா நேஷனல் ஃப்ரன்ட்டுக்கும் நமக்கும் அதே கவலைங்க அதே மதிப்பீடுங்கன்னு பேட்டி குடுத்திருந்தார்.

இப்ப கோடு இழுத்தாச்சு, கட்சிய தொடக்கூடாது. பேச்சு? அது வேற கதை. 1991 ஜூன்ல ஓர்லியான்ல ஒரு விருந்துல ஷிராக் பேசினார். உழைச்சு சம்பாதிக்கற பிரெஞ்சுக்காரன், பக்கத்து வீட்ல ஒரு அப்பா, மூணு நாலு பொண்டாட்டி, இருபது புள்ளைங்க, வேலைக்கு போகாமலே அரசாங்க உதவி 50,000 ஃப்ராங்க், அதுக்கு மேல "சத்தமும் நாத்தமும்" வேற, இவன் பைத்தியம் ஆகாம என்ன பண்ணுவான்னு. கூட்டம் கை தட்டி சிரிச்சுது. சில மாசத்துல முன்னாள் ஜனாதிபதி ஜிஸ்கார் தெஸ்தான் ஒரு பத்திரிகைல குடியேற்றத்த "படையெடுப்பு"ன்னு எழுதினார். சோஷலிஸ்ட் பிரதமர் எடித் க்ரெஸோன் கூட சட்டவிரோதமா இருக்கறவங்கள தனி விமானம் வெச்சு அனுப்பறத பத்தி பேசினாங்க. லு பென் ஜாலியா சொன்னார், ஜனங்க நகல விட அசலத்தான் விரும்புவாங்கன்னு.

இங்கதான் என் வாதம். ஒரு கட்சிய ஒதுக்கறப்ப ரெண்டு பேச்சு நடக்குது. ஒண்ணு அந்த கட்சிய பத்தின பேச்சு, அவங்க ஆபத்து, இனவெறியர், சேரக்கூடாதுங்கறது. இன்னொண்ணு அந்த கட்சியோட விஷயத்த பத்தின பேச்சு, குடியேறி வந்தவங்க, இஸ்லாம், நாட்டோட அடையாளம். முதல் பேச்சுல திட்டிக்கிட்டே ரெண்டாவது பேச்சுல அவங்க வார்த்தையவே எடுத்தா கேக்கற ஜனங்களுக்கு போற சேதி ஒண்ணுதான், சொல்றது தப்பில்ல போல, சொல்ற ஆளுதான் தப்பு. அப்ப ஆள மாத்திட்டா? அந்த கேள்விக்கு பதில் வர இருபது வருஷம் ஆச்சு.

1998, 2002: பட்டத்துக்கு வெல குடுத்த காலம்

1998 மார்ச், மாகாண தேர்தல் முடிஞ்சு தலைவர் தேர்வு. நடு வலது கட்சிய சேந்த அஞ்சு பேர் நேஷனல் ஃப்ரன்ட் ஓட்டு வாங்கி தலைவர் ஆனாங்க, ரோன்-ஆல்ப்ல முன்னாள் பாதுகாப்பு மந்திரி ஷார்ல் மியோன் அதுல பெரிய பேரு. மூணு நாள் கழிச்சு ஜனாதிபதி ஷிராக், அதே சத்தம் நாத்தம் ஷிராக், டிவில வந்து நேஷனல் ஃப்ரன்ட் இனவெறி பிடிச்ச கட்சி, சேந்தவங்க பண்ணது தப்புன்னு தெளிவா சொன்னார். மியோன கட்சிய விட்டு நீக்கினாங்க. ஒருத்தர் சீக்கிரமே ராஜினாமா பண்ணிட்டார்.

ஒரு இடதுசாரி "ஃபாசிஸ்ட்"ன்னு கத்தினா வலதுசாரி வாக்காளருக்கு அது வழக்கமான கூச்சல், காதுல கூட ஏறாது. தன் பக்கத்து தலைவரே, தனக்கு மாகாணம் போகும்னு தெரிஞ்சும், தன் ஆளையே தூக்கி எறிஞ்சா, அப்ப உறைக்கும். என்ன சொன்னாங்கங்கறத விட யார் சொன்னாங்க, சொல்றதுக்கு என்ன இழந்தாங்கங்கறதுதான் எடை போடும்.

2002 ஏப்ரல் 21 எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, சுருக்கமா சொல்லிடறேன். முதல் சுத்துல ஷிராக் 19.88, லு பென் 16.86, சோஷலிஸ்ட் பிரதமர் ஜோஸ்பன் 16.18, முதல் ரெண்டு பேர்தான் அடுத்த சுத்துக்கு போவாங்க, ஜோஸ்பன் அவுட். ஷிராக் டிவி விவாதத்துக்கு வர மாட்டேன்னுட்டார், வெறுப்போட விவாதம் கெடையாதுன்னு. மே 1ஆம் தேதி பத்து லட்சத்துக்கு மேல ஜனங்க ரோட்டுக்கு வந்தாங்க. "ஃபாசிஸ்ட்டுக்கு வேண்டாம், திருடனுக்கு போடு"ன்னு போஸ்டர், திருடன்னா ஷிராக், அவர் மேல ஊழல் கேஸ் இருந்துச்சு. மூக்குல துணி க்ளிப் மாட்டிக்கிட்டு, கைல க்ளவுஸ் போட்டுக்கிட்டு ஓட்டு போட போறோம்னு இடதுசாரிங்க கெளம்பினப்ப, அப்படி பண்ணா ரகசிய ஓட்டு கெட்டுடும்னு எச்சரிக்கை வந்துச்சு. பாருங்க, ஒரு காலத்துல லு பென் ஓட்டுக்காரங்கள மறைச்ச திரைய இப்ப ஷிராக் ஓட்டுக்காரங்க வெளிச்சம் போட்டு காட்ட பாத்தாங்க. ரிசல்ட் 82.21க்கு 17.79.

ஜெயிச்சதுக்கு அப்பறம் ஷிராக் பண்ணது பேசப்படாத பாதி. இடதுசாரி ஓட்டுல 82 வாங்கிட்டு, அவங்களுக்குன்னு ஒரு துரும்ப கூட நகத்தாம தன் கட்சி ஆட்சிய நடத்தினார். மூக்க பொத்திக்கிட்டு போட்டவங்க மனசுல இது தங்கிடுச்சு, அடுத்தடுத்த தேர்தல்ல "தடுப்பு போடு, தடுப்பு போடு"ன்னு கூப்பிடறப்ப எல்லாம் வர்ற ஆளு கொறஞ்சாங்க, 2017ல 33.9, 2022ல 41.45ன்னு மரீன் லு பென்னோட ரெண்டாவது சுத்து நம்பர் ஏறினதுல இந்த கடுப்புக்கும் பங்கு இருக்குன்னு நான் நெனைக்கறேன்.

சர்கோசி, ஒரு தேர்தலுக்கு மட்டும் வேலை செஞ்ச மருந்து

2007ல ஷிராக் கட்சியோட ஜனாதிபதி வேட்பாளர் நிக்கோலா சர்கோசி "குடியேற்றம், தேசிய அடையாளம்"னு பேர் வெச்சு ஒரு அமைச்சகமே கொண்டு வருவேன்னார், கொண்டும் வந்தார். லு பென் 10.44க்கு இறங்கினார், அந்த வருஷ பார்லிமென்ட் தேர்தல்ல கட்சி 4.3. பாத்தீங்களா, பேச்ச எடுத்துக்கிட்டா ஓட்டும் வந்துடும்னு சர்கோசி ஆளுங்க குதிச்சாங்க, நியாயமா பாத்தா என் வாதத்துக்கு இதுதான் பெரிய அடி. ஆனா மூணே வருஷத்துல, 2010 மாகாண தேர்தல்ல, நேஷனல் ஃப்ரன்ட் திரும்ப 11 தாண்டிடுச்சு. அமைச்சகம்னு பேர் வெச்சாச்சு, தேசிய அடையாளம்னு நாடு பூரா அரசாங்கமே விவாதம் நடத்தியாச்சு, ஆனா வாக்குறுதி அளவுக்கு ஒண்ணும் மாறல. ஓட்டு திரும்பி போச்சு, வார்த்தை மட்டும் அரசாங்க லெட்டர்ஹெட்ல ஒட்டிக்கிச்சு. 2011ல அவரோட கட்சி, நேஷனல் ஃப்ரன்ட்டும் சோஷலிஸ்ட்டும் மோதற எடத்துல ரெண்டு பேருக்கும் வேண்டாம்னு நெலப்பாடு எடுத்துச்சு, ரெண்டையும் ஒரே தராசுல வெச்சாச்சு. 2012ல ரெண்டாவது சுத்துக்கு முன்னாடி ஓட்டு தேவப்பட்டப்ப மரீன் லு பென் குடியரசுக்கு ஒத்துப்போறவங்கதான்னே சொல்லிட்டார்.

மகள் பண்ண பேயோட்டு

2011 ஜனவரி, தூர் நகர மாநாடு, மரீன் லு பென் 67.65 சதவீத ஓட்டோட தலைவர். வந்ததும் நாஜி முகாம்கள்ல நடந்தது காட்டுமிராண்டித்தனத்தோட உச்சம்னு சொன்னாங்க. அப்பா சொன்ன அந்த "சின்ன விவரம்"தான் பூட்டுன்னு அவங்களுக்கு தெரியும். கட்சில பெரிய ஆளா இருந்த லூயி அலியோ ஒரு வரலாற்றாசிரியர்கிட்ட இத ஒளிக்காமலே சொன்னார், ஜனங்க நமக்கு போடாம தடுக்கறது யூத வெறுப்பு ஒண்ணுதான், அந்த பூட்ட ஒடச்சா மத்தது எல்லாம் தானா வந்துடும்னு. இந்த வாக்கியத்த ரெண்டு தடவ படிங்க. குடியேறி வந்தவங்கள பத்தின கொள்கைதான் நமக்கு தடைன்னு அவர் சொல்லல. ஏன் சொல்லணும், அதத்தான் ஷிராக்ல இருந்து சர்கோசி வரைக்கும் எல்லாரும் பேசி பேசி சகஜமாக்கி வெச்சாச்சே.

"தேசிய முன்னுரிமை"ய வேற மாதிரி சொன்னாங்க, அப்பா காலத்துல "ப்ரெஃபரான்ஸ்", மக காலத்துல "ப்ரியோரித்தே". வேலைலயும் உதவித்தொகைலயும் பிரெஞ்சு குடிமக்களுக்குத்தான் முதல்லங்கற சரக்கு அதே சரக்கு. மதச்சார்பின்மைய கைல எடுத்தாங்க. 2015 ஏப்ரல்ல அப்பா டிவில வந்து "சின்ன விவரம்"த்த திரும்ப சொன்னார், ஆகஸ்ட்ல அப்பாவையே கட்சிய விட்டு நீக்கிட்டாங்க. கொடூரமான குடும்ப சண்டைதான், ஆனா களங்கம் கழுவற கணக்குல இத விட பெரிய விளம்பரம் கெடைக்காது. 2018 ஜூன்ல கட்சி பேரே மாறிச்சு, ராசெம்ப்ளமான் நசியோனல், தேசிய அணிதிரட்டல்னு வெச்சுக்கலாம்.

ஆனா பேயோட்டினது மக மட்டும் இல்ல, பக்கத்து வீட்டுக்காரங்களும் சேந்துதான் வேப்பிலை அடிச்சாங்க. 2020ல ஜனாதிபதி மக்ரோனோட உள்துறை மந்திரி ஜெரால்ட் தர்மனன் சமூகத்துல ஒரு பகுதி காட்டுமிராண்டியா மாறுதுங்கற அர்த்தத்துல, லு பென் கட்சி ரொம்ப நாளா பயன்படுத்தற அதே வார்த்தைய எடுத்தார். 2021 பிப்ரவரில டிவி விவாதத்துல மரீன் லு பென்ன நேரா பாத்து, இஸ்லாம் விஷயத்துல நீங்க எங்கள விட மென்மையா இருக்கீங்கன்னார். அந்தம்மா மூஞ்சிய பாக்கணும், நாப்பது வருஷமா பேய்னு திட்டு வாங்கின குடும்பத்து பொண்ண ஒரு மந்திரி நீ பேயா இருக்கறதுல பத்தலன்னு திட்றார்.

2022 பிப்ரவரில வலதுசாரி வேட்பாளர் வலெரி பெக்ரெஸ் பாரிஸ் கூட்டத்துல "பெரும் மாற்றீடு"ங்கற வார்த்தைய உச்சரிச்சாங்க, ஐரோப்பியர்கள ஒழிச்சு வேற மக்கள குடியேத்த சதி நடக்குதுங்கற கட்டுக்கதை அது. அது நம்ம தலைவிதி இல்லன்னு சொல்லத்தான் சொன்னேன்னு அப்பறம் விளக்கம் குடுத்தாங்க. கெடச்சது 4.78 சதவீதம், 5 வாங்கியிருந்தா தேர்தல் செலவுல பெரும் பகுதி திரும்ப வந்திருக்கும், வரல, சொந்தமா 5 மில்லியன் யூரோ கடன்ல இருக்கேன் ஏதாவது குடுங்கன்னு ஜனங்ககிட்ட கேக்க வேண்டியதா போச்சு. அதே தேர்தல்ல எரிக் செமூர் மரீன் லு பென்ன விட கடுமையா பேசி 7.07 வாங்கினார், அவர் பக்கத்துல நின்னா அந்தம்மா மென்மையா தெரிஞ்சாங்க, அதுக்கு ஒரு காசு செலவில்ல.

டை கட்டின 89 பேர்

2022 ஜூன்ல 89 எம்பி. உள்ள போனதும் ஒழுங்கா ட்ரஸ் பண்ணணும், டை கட்டணும், கூச்சல் போடக்கூடாதுன்னு கட்சி உத்தரவு. எதிர்ல தீவிர இடது எம்பிங்க டை இல்லாம கத்திக்கிட்டு இருந்தாங்க, கேமராவுக்கு வேற என்ன வேணும். இடையில ஒரு தடவ சாயம் வெளுத்துச்சு, நவம்பர்ல ஒரு கறுப்பின எம்பி கடல்ல தத்தளிக்கற குடியேறிகள பத்தி பேசிக்கிட்டு இருந்தப்ப ராசெம்ப்ளமான் எம்பி ஒருத்தர் "ஆப்பிரிக்காவுக்கு திரும்பி போ"ங்கற மாதிரி கத்தினார், 15 நாள் சஸ்பெண்ட்.

எனக்கு அத விட முக்கியமா படறது அந்த கோடைல நடந்த துணைத் தலைவர் தேர்வு. அவையோட துணைத் தலைவர் பதவிக்கு செபாஸ்தியன் ஷெனூ, எலென் லபோர்த்னு ரெண்டு பேர அந்த கட்சி நிறுத்துச்சு. ரகசிய ஓட்டு. கட்சிக்கு இருக்கறது 89, ரெண்டு பேருக்கும் விழுந்தது 280க்கு மேல. மிச்ச 190 ஓட்டு எங்க இருந்து வந்துச்சு? வெளிய மைக் முன்னாடி தடுப்பு சுவர்னு பேசினவங்ககிட்ட இருந்துதான். ஒரு காலத்துல லு பென் வாக்காளர் திரைக்கு பின்னாடி ஒளிஞ்சாங்க, இப்ப எம்பிங்க.

2023 மே மாசம் பிரதமர் எலிசபெத் போர்ன், அவங்க அப்பா ஆஷ்விட்ஸ்க்கு அனுப்பப்பட்டு உயிரோட திரும்பினவர், ராசெம்ப்ளமான் கட்சி பெத்தேனோட, அதாவது ரெண்டாம் உலகப்போர்ல ஹிட்லரோட ஒத்துழைச்ச பிரெஞ்சு ஆட்சித் தலைவரோட, வாரிசுன்னு ரேடியோல சொன்னாங்க. ரெண்டு நாள்ல மந்திரிசபை கூட்டத்துல மக்ரோன் கிட்டத்தட்ட குட்டு வெச்சார், இனி அறம் பேசி இவங்கள எதிர்க்க முடியாது, அவங்களுக்கு ஓட்டு போட்ட லட்சக்கணக்கான பேர ஃபாசிஸ்ட்னு நம்ப வெக்க முடியாதுன்னு. அதுல உண்மை இல்லன்னு சொல்ல மாட்டேன், திட்டு மட்டும் வெச்சு ஓட்ட முடியாதுதான். ஆனா ஏன் முடியாம போச்சுங்கறத அவர் தன் பக்கத்து நாற்காலில உக்காந்திருந்த தர்மனன்கிட்ட கேட்டிருக்கலாம். டிசம்பர்ல குடியேற்ற சட்டம் ராசெம்ப்ளமான் ஓட்டும் சேந்து பாஸ் ஆச்சு, மரீன் லு பென் அத கருத்தியல் வெற்றின்னு கொண்டாடினாங்க. அதே மாசம் வந்த வருஷாந்திர கருத்துக்கணிப்புல, இந்த கட்சி ஜனநாயகத்துக்கு ஆபத்துன்னவங்க 41 சதவீதம், ஆபத்து இல்லன்னவங்க 45. அந்த கேள்விய கேக்க ஆரம்பிச்சதுல இருந்து முதல் தடவையா தராசு அந்த பக்கம் சாஞ்சுது.

2024: செத்துப்போச்சுன்னு நெனச்சது எழுந்து உக்காந்துச்சு

2024 ஜூன் 9, ஐரோப்பிய தேர்தல்ல ராசெம்ப்ளமான் 31.37. மக்ரோன் பார்லிமென்ட்ட கலைச்சார். ரெண்டே நாள்ல வலதுசாரி கட்சி தலைவர் எரிக் சியோட்டி லு பென்னோட கூட்டுன்னு அறிவிச்சார், சொந்த கட்சிக்காரங்க கொதிச்சதும் கட்சி ஆபீஸ பூட்டிட்டார். நெஜமாவே பூட்டிட்டார். இடதுசாரிங்க சேந்து அமைச்ச கூட்டணிய மக்ரோன் "குடியேற்றவாதிங்க"ன்னு திட்டினார், அதுவும் தீவிர வலதோட அகராதில இருந்து எடுத்த வார்த்தைதான்.

முதல் சுத்து 33 சதவீதம், ராசெம்ப்ளமான் ஆட்சின்னு எல்லாரும் முடிவே பண்ணிட்டாங்க. ஒரே வாரத்துல 200க்கு மேல வேட்பாளர்ங்க, மூணாவது எடத்துல இருந்த இடதும் மக்ரோன் ஆளுங்களும், தானா விலகி, ராசெம்ப்ளமான எதிர்த்து நிக்கற இன்னொருத்தருக்கு வழி விட்டாங்க. அதே வாரத்துல கட்சியோட சொந்த வேட்பாளர்ங்களும் உதவி பண்ணாங்க, ஒரு வேட்பாளர் நாஜி விமானப்படை தொப்பி போட்ட ஃபோட்டோ வெளிய வந்து விலகினாங்க, இன்னொருத்தர் எங்க கட்சி இனவெறி கட்சியான்னு கேட்டதுக்கு என் கண் டாக்டர் யூதர், பல் டாக்டர் முஸ்லிம்னு பதில் சொன்னாங்க. ஜூலை 7 ரிசல்ட்ல கூட்டாளிங்களோட சேத்து 140 சொச்சம் சீட்டு, மூணாவது எடம். அந்த மாசமே துணைத் தலைவர் பதவியும் போச்சு.

அந்த வாரம் யாரும் புதுசா திட்டு கண்டுபிடிக்கல. "ஃபாசிஸ்ட்" அதே ஃபாசிஸ்ட்தான். சீட்ட விட்டு குடுத்தாங்க, அதான் வித்தியாசம். மே மாசத்துல மரீன் லு பென்னே இதே மருந்த ஜெர்மனிக்காரங்க மேல பயன்படுத்தினாங்கங்கறது வேடிக்கை, எஸ்எஸ் ஆளுங்க எல்லாரையும் குற்றவாளின்னு சொல்ல மாட்டேன்னு அங்க இருக்கற தீவிர வலதுசாரி கட்சி ஏஎஃப்டியோட வேட்பாளர் ஒருத்தர் பேசினதும் அவங்களோட உறவ வெட்டிட்டாங்க. தன்ன விட கறுப்பா ஒருத்தர் இருந்தா நாம வெளுப்புன்னு அவங்களுக்கு சொல்லி தர வேண்டாம்.

அப்பறம் பழைய தடத்துக்கே போயிடுச்சு. 2025 ஜனவரில பிரதமர் பாய்ரூ, ஜனங்களுக்கு "மூழ்கடிக்கப்படற" உணர்வு இருக்குன்னார், மூழ்கடிப்பு லு பென் குடும்பத்தோட பழைய சொல்லு. மார்ச் 31ல ஐரோப்பிய பார்லிமென்ட் பணத்த கட்சி வேலைக்கு திருப்பின கேஸ்ல மரீன் லு பென்னுக்கு தண்டனை, அஞ்சு வருஷம் தேர்தல்ல நிக்க தடை. கவனிங்க, இது இனவெறி களங்கம் இல்ல, மத்த கட்சிக்காரங்களுக்கும் வர்ற சாதாரண காசு களங்கம். அவங்க மேல்முறையீடுன்னாங்க, மேடைல கட்சி தலைவர் பர்தெல்லா நின்னார், ஆதரவு பெருசா ஆடல. 2025 இலையுதிர் காலத்துல ஷெனூவும் லபோர்த்தும் திரும்ப துணைத் தலைவர் ஆனாங்க.

அக்டோபர் 30ஆம் தேதி, அல்ஜீரியாவோட 1968ல போட்ட குடியேற்ற ஒப்பந்தத்த ரத்து பண்ண சொல்லி ராசெம்ப்ளமான் கொண்டு வந்த தீர்மானம் வோட்டுக்கு வந்துச்சு. கட்டுப்படுத்தற சட்டம் இல்ல, வெறும் தீர்மானம். வலதுசாரி எம்பிங்களும் மக்ரோன் கூட்டாளிங்கள்ல ஒரு பகுதியும் சேந்து கை தூக்கினாங்க, இன்னும் நெறைய பேர் அன்னிக்கு அவைக்கே வரல. 185க்கு 184. அந்த கட்சி பேர்ல வந்த ஒண்ணு அந்த அவைல பாஸ் ஆனது அதான் முதல் தடவ.